வேலூர்ப் பயணம்: எல்லா டெஸ்டும் இருக்கு, அந்த ஒன்றைத் தவிர

இந்த முறை குடியாத்தம் போனதில் பாதி நேரம் மாமாவோடு லேப், டாக்டர் என்றே ஓடிவிட்டது. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு ஊரிலிருக்கும் பெரியவர்களின் சுகரை வாட்ஸ்அப்பில் பார்க்கும் என் போன்றவர்களுக்கு உதவும் என்று, சுகர்காரர்களின் சிறுநீரகத்துக்கான ஒரு சிறுநீர் டெஸ்டைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வசதிக்குக் குறைவே இல்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து அத்தைக்கு பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்ணுக்குத் தெருவில் யார் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்பது மனப்பாடம். தனியார் லேப்புக்கு போன் போட்டால் விடிகாலையில் பைக்கில் ஆள் வந்து வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் போகிறார். மதியத்துக்குள் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடுகிறது. நான் இருக்கும் பர்மிங்காமில் இது நடக்காது. அங்கே டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவதே குதிரைக்கொம்பு.

மாமாவுக்கு 68 வயது. சுகர் வந்து பல வருஷம் ஆகிறது. லேப்காரர் தந்தது 'ஃபுல் பாடி பேக்கேஜ்'. வைட்டமின் டி, தைராய்டு, இரும்புச் சத்து என்று பக்கம் பக்கமாக இருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.3, பக்கத்தில் 'நார்மல்'. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் 'நில்', அதாவது இல்லை. "பாத்தியாம்மா, கிட்னியில உப்பு ஏறல" என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்குத்தான் உறுத்தியது. எனக்கும் சுகர் உண்டு. பர்மிங்காமில் வருஷா வருஷம் ரத்தம், கால் எல்லாம் பார்க்கும்போதே ஒரு சின்னக் குப்பியில் சிறுநீரும் வாங்கி, ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் (ஏ.சி.ஆர்.) பார்ப்பார்கள். மாமாவின் பேக்கேஜில் அது மட்டும் இல்லை. 'நில்' என்று போட்டது பட்டையை முக்கிப் பார்க்கும் சாதாரண சோதனை. கொஞ்சமாகக் கசியும் ஆல்புமின் அதில் தெரியாது. கிரியேட்டினினையும் அப்படியே நம்பிவிட முடியாது. அது கண்ணில் படும்படி ஏறுவதற்குள் சிறுநீரகம் பாதி வேலையை இழந்திருக்கலாம். அதே 1.3-ஐ வயதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர்.) மாமாவுக்கு 60 அளவில்தான் வருகிறது. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அதற்குப் பெயரே நாள்பட்ட சிறுநீரக நோய்.

தனியாகக் கேட்டு அந்த டெஸ்டை எடுக்க வைத்தோம். லேப்காரர், "அது டாக்டர் எழுதினாத்தாங்க போடுவோம்" என்று இழுத்தார். பணம் கட்டியதும் எடுத்தார். 30-க்குள் இருக்க வேண்டியது 210. (நம்மூர் ரிப்போர்ட்டில் அளவு மி.கி./கிராம். பிரிட்டனில் மி.கி./மில்லிமோல் என்பதால் அங்கே எல்லை 3. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பதற வேண்டாம்.) காய்ச்சல், நீர்க்கடுப்பு இருந்தால் சும்மாவே ஏறும் என்பதால் இடைவெளி விட்டு இன்னொரு முறையும் பார்த்தோம். குறையவில்லை.

வேலூரில் ஒரு சிறுநீரக மருத்துவரைப் பார்த்தோம். நாட்டில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் என்பார்கள். வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள் லாட்ஜ் லாட்ஜாகத் தங்கிப் பார்க்கும் ஊர் அது. பக்கத்திலிருக்கும் நாம் நோய் முற்றிய பிறகுதான் போகிறோம். மருத்துவர் பிரஷர் மாத்திரையை டெல்மிசார்ட்டனுக்கு மாற்றி, டாபாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையைச் சேர்த்தார். இரண்டும் ஆல்புமின் கசிவைக் குறைத்து, சிறுநீரகம் கெடும் வேகத்தை மட்டுப்படுத்துபவை. இரண்டாவது 2020-ல் காப்புரிமை முடிந்ததிலிருந்து நம்மூர் கம்பெனிகள் பல தயாரிப்பதால் விலை நன்றாக இறங்கிவிட்டது. இரண்டு வாரம் கழித்து பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். அதில்தான் மாமாவுக்குக் கோபம். கண்ணின் விழித்திரையையும் பார்க்க எழுதினார். சுகர் கண், சிறுநீரகம் இரண்டு இடத்திலும் சின்ன ரத்தக் குழாய்களைத்தான் கெடுக்கிறது.

எதிர் வீட்டு அண்ணன் கைலி நெய்தவர். சில வருஷம் முன்னால் அவருக்கு இன்சுலின் தேவை தானாகக் குறைந்துகொண்டே வந்தது. "சுகரே போயிடுச்சு" என்று வீட்டில் கேசரி கிண்டினார்களாம். சிறுநீரகம் கெட்டால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். சுகர் இறங்கியது அதனால். இப்போது வாரம் மூன்று நாள் வேலூரில் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டில் நடப்பதால் டயாலிசிஸுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பஸ் செலவும் சாப்பாடும் கூட வரும் மனைவியின் கூலியும்தான் போகிறது. இடது முழங்கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம். "கைய வெச்சுப் பாரும்மா" என்றார். தோலுக்கடியில் மோட்டார் போல அதிர்ந்தது. அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது என்பதால் தறியையும் விற்றாயிற்று.

அவ்வளவு பெரிய டயாலிசிஸ் யூனிட்டுக்கு வழி செய்திருக்கும் ஊரில், சில நூறு ரூபாய் டெஸ்டைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் புகார். ஊருக்குப் போகிறவர்கள் பேக்கேஜுக்குப் பணம் கட்டுமுன் 'யூரின் ஏ.சி.ஆர்.' இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வைட்டமின் டி-யை எடுத்துவிட்டு அதைப் போடச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வரும் சுகரில் நோய் தெரிந்த அன்றே ஒரு முறை, பிறகு வருஷம் ஒரு முறை. மாமாவுக்கு அடுத்தது மூன்று மாதத்தில்; தேதியை லேப்காரரிடமே சொல்லி வைத்திருக்கிறேன், மாமாவிடம் சொன்னால் நடக்காது.