ஓய்வுக்குப் பிறகு பைத்தான்: வீட்டுக் கணக்குக்கு எப்படி?

கோபாலில் (ஆள் பெயரல்ல, 1959இல் உருவான கணினி நிரல்மொழி, COBOL) கை பழகியவர்களுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியின் இலக்கணம் பெரிய தடையில்லை. வரியின் தொடக்க இடைவெளிக்கே பொருள் உண்டு என்பதுகூடப் புதிதல்ல. கோபாலில் வரியின் 8ஆவது இடம், 12ஆவது இடம் என்று எண்ணி எழுதிய கைதானே. டேபையும் ஸ்பேஸையும் கலந்தால்தான் வம்பு. டேப் அழுத்தினால் 4 ஸ்பேஸ் விழும்படி எடிட்டரில் வைத்துவிட்டால் அத்தோடு சரி. தொடக்கத்துக்குத் தான்னி எடிட்டர் போதும். எழுத்துருவை 16க்கு ஏற்றிக்கொண்டால் கண்ணுக்கும் நல்லது.

உதைப்பது பைசாவில்தான். கோபால் காசைத் தசமமாகவே வைத்திருக்கும். பைத்தானின் சாதாரணப் புள்ளி எண் இருமத்தில் இருப்பதால் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும். அதற்குத்தான் பைத்தானில் டெசிமல் (Decimal) என்ற தசம எண் வகை. எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும்; வெறுமனே கொடுத்தால் அந்தப் பிழையும் கூடவே உள்ளே வந்துவிடும்.

டெசிமலுக்கு மாறியும் ஒரு கண்ணி பாக்கி இருக்கிறது. ஒரு லட்சம் வைப்பு, 7% வட்டி, காலாண்டுக் கூட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் காலாண்டு முடிவில் 1,03,530.625. அரைப் பைசா நடுவில் நிற்கிறது. சொல்லாமல் விட்டால் பைத்தான் இரட்டைப்படைப் பக்கம் சாய்ந்து .62 ஆக்கும், 'பாதி மேலே' என்று விதி கொடுத்தால் .63. காலாண்டுதோறும் இப்படிப் பைசாவுக்குத் திருத்திக்கொண்டே போனால் ஆண்டு முடிவில் முதல் வழியில் 1,07,185.90, இரண்டாவதில் 1,07,185.91. ஒரு பைசாதான், ஆனால் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் யாருக்குத் தூக்கம் வரும்? எந்த வழி என்பதைப் பாஸ்புக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது தமிழ். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்கிறது; மெய்யையும் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தினால் மலர்க்கொடிக்கு முன்னால் மனோகரன் வந்து நிற்பார். கணினி எழுத்துகளை வரிசைப்படுத்தும் யூனிகோடு அட்டவணையில் ன, ந-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது; நம் அகரவரிசையிலோ அது கடைசி. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பை நிறுவினால் எழுத்தாகப் பிரிக்கவும் அகரவரிசைப்படி ஒப்பிடவும் சார்புகள் கிடைக்கும். விண்டோஸில் கோப்பு திறக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 (utf-8) என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் கிறுக்கலாகும். எக்செல்லில் திறக்கப் போகும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) என்றால் யூடிஎஃப்-8-சிக் (utf-8-sig).

தொகுப்புகளைப் பொது பைத்தானில் கொட்டாமல் ஒவ்வொரு வேலைக்கும் தனி வென்வ் (venv, அந்த வேலைக்கு மட்டுமான பைத்தான் சூழல்) போடுவது நல்லது. ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியின் இயங்குதளப் புதிய பதிப்புகள் நேரடியாக நிறுவ விடுவதே இல்லை. பைத்தானுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் புதுப் பதிப்பு வரும், துரத்த வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு உண்டு. கைபேசிச் செயலிதான் ஆசை என்றால் வேறு மொழி பார்க்கலாம்.

சேமிக்க எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தளம் பைத்தானோடே வருகிறது, மொத்தக் கணக்கும் ஒரே கோப்பு. டெசிமலை அப்படியே கொடுத்தால் அது ஏற்காது. தொகையைப் பைசாவாக்கி, 10718591 என்று முழு எண்ணாகவே எழுதுங்கள். புள்ளியைத் திரையில் காட்டும்போது வைத்துக்கொள்ளலாம்.