ஜிம்னியில் டிராக் பார் மாற்றி 31,000 கி.மீ.: எதைப் பார்த்து வாங்க வேண்டும்

போன வாரம் அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் போய் நாலு மூட்டை சாமை ஏற்றிக்கொண்டு வேலூர் திரும்பினேன். வீட்டுக்கு வந்து ஓடோமீட்டரைப் பார்த்தால், இப்போதிருக்கும் டிராக் பாரை, அதாவது அச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிற குறுக்கு ராடைப் போட்டு 31,000 கி.மீ. தாண்டியிருக்கிறது. ஜவ்வாது மலைக்கு வாரம் ஒரு தடவையாவது ஏறி இறங்குகிற வண்டி இது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற வண்டி இல்லை. எந்த ராடு வாங்கலாம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் பட்டது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

வண்டி ஐந்து கதவு மாருதி ஜிம்னி, 2023-ல் வந்த புதிதிலேயே எடுத்தது. முன்னாலும் பின்னாலும் முழு அச்சு, காயில் ஸ்பிரிங். பழைய ஜிப்சி மாதிரி பட்டை ஸ்பிரிங் என்றால் அந்தப் பட்டையே அச்சைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். காயிலுக்கு அந்தப் பிடி கிடையாது. அதனால் ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை அச்சிலும் இருக்கிற மாதிரி குறுக்கே ஒரு ராடு கொடுத்திருக்கிறார்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. டிராக் பார், பன்ஹார்ட் ராடு, லேட்டரல் ராடு எல்லாம் இதுதான்.

2024 தொடக்கத்தில் 40 மி.மீ. உயரமான ஸ்பிரிங் போட்டேன். ராடின் நீளம் மாறாது, ஆனால் வண்டி உயர்ந்ததும் அது முன்பைவிடச் சாய்வாக நிற்கும். சாய்ந்தால் குறுக்கே அது எட்டுகிற தூரம் குறையும், அச்சு சேஸிஸ் முனை இருக்கிற பக்கமாக இழுபடும். பின்னால் நின்று பார்த்தபோது ஒரு டயர் மட்கார்டு விளிம்பை நெருங்கித் தெரிந்தது, இன்னொன்று உள்ளே போயிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், எத்தனை மி.மீ. என்று தெரியவில்லை.

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கினேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைச் சமமாக வைத்து, ஸ்டீயரிங்கை நேராக்கி, மட்கார்டு விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயர் பக்கச்சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். பின்னால் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 16. வித்தியாசம் 18, ஆனால் அச்சு நகர்ந்தது அதில் பாதி, 9 மி.மீ. மட்டும்தான். பலர் இங்கேதான் தவறுகிறார்கள், 18-ஐயும் திருத்தப் போய் அச்சை எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிடுகிறார்கள். முன்னால் எனக்கு 7 மி.மீ. வந்தது. உங்களுக்கு 3, 4 மி.மீ. என்றால் காசைச் செலவழிக்காதீர்கள், கம்பெனி ராடே போதும்.

சரி, முதலில் வாங்கியது தப்பான சாமான். நீளம் மாற்றிக்கொள்ளும் வகை, கனமான ராடு, இரண்டு முனையிலும் ரப்பர் புஷ்ஷுக்கு (போல்ட் நுழைகிற ரப்பர் வளையத்துக்கு) பதிலாக இரும்புக் குண்டு திரும்புகிற ராட் எண்டு. படத்தில் பார்க்க அவ்வளவு உறுதியாக இருந்தது. சத்துவாச்சாரியில் எனக்கு வேலை பார்க்கிற பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராடு தடியாகீது தம்பி, சரி. முனையில இன்னா கீது, அதப் பாத்து வாங்கணும்ல" என்றார். நான் கேட்கவில்லை, மாட்டச் சொன்னேன்.

முதல் மாதம் ஸ்டீயரிங் மிகவும் கூர்மையாக இருந்தது, உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு தட்டல் நேராகக் காலடிக்கு வரும். ரப்பர் புஷ் விழுங்கிக்கொள்கிற அதிர்வை இரும்பு அப்படியே சேஸிஸுக்குக் கடத்திவிடும். அதற்கு மேல் நான் பாலாற்று மணலிலும் மலை மேல் செம்மண்ணிலும் ஓட்டுகிறவன். அந்த முனைகளுக்கு மேல்மூடியே இல்லை, பொடி மணல் உள்ளே போய் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிட்டது. 6,000 கி.மீ.யில் பின் முனை ஆட ஆரம்பித்தது. விற்றவரிடம் கேட்டால் முனை மட்டும் தனியாக வராது, முழு ராடாகத்தான் வாங்க வேண்டும் என்றார். முன்னதும் பின்னதும் சேர்த்து 17,000 ரூபாய் கொடுத்தது அன்றோடு போயிற்று. இன்றும் மனசு ஆறவில்லை.

இரண்டாவது தடவை ராடின் தடிமனைப் பார்க்கவே இல்லை, முனையைத்தான் பார்த்தேன். இரண்டு முனையிலும் ரப்பர் புஷ், கம்பெனி ராடில் இருக்கிற அதே அளவு, தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் அழுத்தி மாற்றலாம். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, அதனால் வண்டியில் மாட்டியபடியே சுற்றி நீளம் வைக்கலாம். எனக்கு வந்ததில் ஒரு முழுச் சுற்றுக்கு 3 மி.மீ. மாறும், பின்னால் மூன்று சுற்றில் வேலை முடிந்தது. ஒற்றை மரை வகை மலிவு, ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு முனையைக் கழற்ற வேண்டும். பாலியூரித்தேன் புஷ் கிடைக்கிறது, அது கெட்டியானது, ஆனால் அச்சு முறுக்கிக்கொள்ளும் இடங்களில் விட்டுக்கொடுக்காது, கிரீஸ் வறண்டால் கீச்சிடும். 40, 50 மி.மீ. வரை தூக்கினவர்களுக்கு ரப்பர்தான் என் ஓட்டு. ராடின் வளைவையும் பாருங்கள், அச்சில் புடைத்திருக்கிற டிஃபரன்ஷியல் உருண்டையைச் சுற்றிப் போகிற மாதிரி வளைந்திருக்க வேண்டும், ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது அதில் இடிக்கக் கூடாது. லேத்தில் பழைய ராடை வெட்டி, நடுவில் குழாய் வைத்து வெல்டிங் போட்டுத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். இழுப்பும் அழுத்தமும் மாறி மாறி விழுகிற இடம் அது, மலை வளைவில் அந்த வெல்டிங் விட்டால் அச்சைப் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜாக்கியில் தொங்கும்போது ரப்பர் புஷ் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். நாலு டயரும் தரையில் நின்று, வண்டியின் பாரம் முழுக்க அவற்றின் மேல் வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். பாய் பள்ளத்தில் இறங்கிப் படுத்தபடி இறுக்கினார். அப்புறம் போல்ட்டிலும், வைத்த நீளம் மாறாமல் பிடிக்கிற லாக் நட்டிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தோம். கோடு விலகினால் நட் தளர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும். 500 கி.மீ.யில் முன் லாக் நட் ஒன்று கொஞ்சம் விலகியிருந்தது, அதன் பிறகு அசையவே இல்லை.

முன் ராடைத் திருத்தினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், அதை டிராக் லிங்க்கில் (drag link, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற வேறொரு ராடு) நேராக்கி அலைன்மென்ட் பார்க்க வேண்டும். நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக இருந்தால் வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்கிற இஎஸ்பியும் குழம்பும். வண்டி உயர்ந்ததால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் சோம்பலாக இருந்தால் அது காஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு) குறைந்ததால், டிராக் பார் அதைத் தீர்க்காது. முன் அச்சுக்கு காஸ்டர் புஷ் தனியாகப் போட்ட பிறகுதான் எனக்கு அது சரியானது.

இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. வாரன்டி, இன்சூரன்ஸ் இரண்டையும் யோசித்துவிட்டுத் தூக்குங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானும் தம்பியும் சேர்ந்து சோதிக்கிறோம். இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, அவன் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டுவான். நான் கீழே படுத்து, ராடு முனையும் பிராக்கெட்டும் சேருகிற இடத்தில் விரலைப் படிய வைத்திருப்பேன். ரப்பர் பிதுங்குவது விரலுக்குத் தெரியலாம், இரும்பு இரும்பில் தட்டுவது தெரியக் கூடாது. போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி வளையம் கட்டியிருந்தால் ஓட்டை அகல ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தடவை முன்பக்கம் அச்சு முனை ரப்பரில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு தெரிகிறது, ஆட்டம் இல்லை. புஷ் மட்டும் தனியாகக் கிடைத்துவிட்டது, மழைக்கு முன்னால் பாயிடம் கொடுத்து மாற்றிவிடப் போகிறேன்.