ஹால் மார்பிளுக்கு முழு மார்க், அடுப்பு மேடைக்கு முட்டை

அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் வீட்டுத் தரைக்குப் பாலிஷ் போட்டாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வருவார்களே, அதற்காக. மதுரை விளாங்குடியில் எங்கள் வீட்டு ஹாலில் 20 வருஷத்து வெள்ளை மார்பிள், சமையலறை மேடையில் காஷ்மீர் ஒயிட் கிரானைட். பெயரில்தான் காஷ்மீர், வெட்டி எடுத்ததெல்லாம் நம்ம மேலூர்ப் பக்கம்தான். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு பாலிஷ்காரரைப் பிடித்தோம்.

ஹால் வேலை பிரமாதம். ஸ்விட்ச் போர்டு, கதவு எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் ஒட்டிவிட்டு, தண்ணீர் விட்டு மிஷினை ஓட்டினார்கள். மிஷின் அடியில் மாட்டும் தேய்ப்புக் கல்லை 50, 100, 200, 400 என்று 3000 வரை மாற்றிக்கொண்டே போகவேண்டும். நம்பர் கூடக் கூடக் கல் நைஸாகும், முந்தைய கல் போட்ட கீறலை அடுத்த கல் எடுக்கும். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது தரை முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். 200 முடிந்ததும் பையன் நேராக 800-ஐ எடுக்க, "டேய், 400 எங்கடா?" என்று மேஸ்திரி அதட்டினார் பாருங்கள், அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பாத்ரூம் வாசலில் திட்டுத் திட்டாக ஒளி மங்கிக் கிடந்தது. அது கறையே இல்லையாம், போன பொங்கலுக்கு நான் ஆசிட் கலந்து துடைத்த வீரத்தின் அடையாளம். மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், ஆசிட் என்ன, எலுமிச்சைச் சாறு பட்டாலே அரித்துவிடும், அப்புறம் என்ன துடைத்தாலும் போகாது, கல்லைத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். எடுத்துவிட்டார்கள். 280 சதுர அடிக்கு 11,200 ரூபாய், வயிறு எரியவில்லை.

ஒரே குறை, தேய்த்த சேற்றைப் பாத்ரூம் குழியில் ஊற்றிவிட்டார்கள். அது உள்ளே படிந்து இறுகி, பிளம்பருக்கு 600 ரூபாய் தண்டம். வாளியில் அள்ளி வெளியே கொட்டச் சொல்லிவிடுங்கள்.

அடுப்பு மேடைக்கு வருவோம். மறுநாள் மேஸ்திரி வரவில்லை, பையன் மட்டும் ஒரு கேனோடு வந்து எதையோ தடவித் துணியால் தேய்த்துவிட்டு, பளபளவென்று காட்டி, 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். நாலே நாள். சூடாகச் சாம்பார்ச் சட்டி வைத்த இடத்தில் வெள்ளை வளையம், சோப்புப் போட்டுத் துடைத்தால் பளபளப்பு துணியோடு வருகிறது. மெழுகு! போன் போட்டுக் கேட்டால், "கிரானைட்டுன்னா அப்படித்தான் சார்" என்கிறார்கள். கிரானைட் மார்பிளைவிட ரொம்பக் கடினமான கல்லய்யா, வீட்டுச் சமையலில் அதன் பாலிஷ் அவ்வளவு லேசில் தேயாது. எங்கள் மேடையை மூடியிருந்தது எண்ணெய்ப் பிசுக்கும் போர் தண்ணீர் உப்பும்தான்.

வெந்நீரும் பாத்திரச் சோப்புமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே மெழுகை எடுத்தேன், அடியில் பழைய பளபளப்பு அப்படியே இருந்தது. பிறகு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் கல் கறுத்தது, அதாவது உறிஞ்சுகிறது. காஷ்மீர் ஒயிட்டுக்கு அந்தப் புத்தி உண்டு. எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விட்டேன். மூன்று தடவை செய்தும் பாதிதான் போனது, சரி போகட்டும். மேடை நன்றாகக் காய்ந்ததும் கல்லுக்கென்றே விற்கும் சீலர் வாங்கிப் பூசி, டப்பாவில் போட்டிருந்த நேரம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். துடைக்காமல் விட்டால் படலமாக நின்றுவிடும். சீலர் பளபளப்பு தராது, உறிஞ்சுவதைத்தான் குறைக்கும்.

மார்பிளுக்கு இவர்களைத் திரும்பவும் கூப்பிடுவேன், மேஸ்திரி நேரில் வருவாரா என்று கேட்டுவிட்டு. மேடைக்குக் கேனோடு யாராவது வந்தால், காசை எடுப்பதற்கு முன் ஒரு மூலையைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.