ஆண்டிறுதி நிதி திரட்டலில் நிர்வாகக் குழுவை எப்படி இறக்குவது: சில வழிகள், ஓர் ஒப்பீடு

தொண்டு நிறுவனக் குழுவில் இருந்தவர்களுக்கு ஆண்டின் கடைசிக் கூட்டம் எப்படிப் போகும் என்று தெரியும். போன கூட்டத்தின் குறிப்பு, வரவு செலவு, தணிக்கையாளர் நியமனம் எல்லாம் முடிந்து, பாதிப் பேர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட நேரத்தில் கடைசி அஜெண்டா வரும்: 'நிதி திரட்டல், உறுப்பினர் பங்கு'. திரையில் பற்றாக்குறைத் தொகை சிவப்பு எழுத்தில் தெரியும். தலைவர், "ஆளுக்குக் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த ஆண்டும் அதே திரை, அதே சிவப்பு.

இரண்டு சிறிய அமைப்புகளில் பொருளாளராக இருந்திருக்கிறேன். அந்தத் திரையைப் போட்டதே நான்தான். குழுவினர் பணம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கூச்சம் உண்டுதான். ஆனால் அவர்களிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை என்பதே பெரிய சிக்கல் என்று பிறகுதான் புரிந்தது. கணக்கு தெரியும், தீர்மானம் தெரியும். அமைப்பால் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் கீழே வரும் வழிகளை எல்லாம் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: கூட்டம் முடிந்து போகிற உறுப்பினரிடம், வெளியே ஒருவரிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

திரும்பிப் பார்ப்பது: முழுநாள் அமர்வா, கேள்வித்தாளா, இருபது நிமிடமா?

முழுநாள் அமர்வுக்கு ஒரு மரியாதை உண்டு. தலைமை மாறும்போது, குழுவுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டபோது, அமைப்பின் பாதையையே மாற்ற வேண்டியிருக்கும்போது வேறு வழி உதவாது. ஆற அமர உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வழக்கத்துக்காக நடத்தினால், எப்படியும் வரக்கூடியவர்கள் மட்டும் வருவார்கள். பெரிய தாள்களில் பலம், பலவீனம் என்று எழுதுவார்கள். மாலையில் அந்தத் தாள்கள் சுருட்டப்பட்டு அலமாரியின் மேலே போய்விடும். எங்கள் அலமாரி மேல் மூன்று ஆண்டுச் சுருள்கள் இருந்தன.

குழு தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும் கேள்வித்தாளுக்குச் செலவு இல்லை. பெயர் போடாமல் எழுதுவதால், நேரில் சொல்லாததைச் சொல்வார்கள். "கூட்டத் தாள்கள் முந்தின நாள் ராத்திரிதான் வருகின்றன" என்று எங்களுக்கு ஒருவர் எழுதிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடச் சொன்னால் எல்லோரும் நான்கை வட்டமிடுவார்கள். நிர்வாகத்தைச் சீர்செய்ய இது நல்ல கருவி. நிதி திரட்டலுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது வழி வழக்கமான கூட்டத்திலேயே இருபது நிமிடம் ஒதுக்குவது. அதுவும் கடைசியில் வேண்டாம், கணக்கு எடுப்பதற்கு முன்பே. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி: "இந்த ஆண்டு நம் அமைப்பில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு விஷயம் என்ன?" முதல் தடவை கேட்டபோது அறையில் சத்தமே இல்லை. அப்புறம், கூட்டங்களில் வாயே திறக்காத ஓர் உறுப்பினர் பேசினார். நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் இரவல் கொடுப்பது எங்கள் அமைப்பின் வேலைகளில் ஒன்று. காசோலையில் கையெழுத்துப் போட வந்த அன்று, ஒருவர் வாக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்ததை அவர் பார்த்திருக்கிறார். இனி அது தேவையில்லையாம், நடக்கிறாராம். கொடுப்பதற்கு முன்னால் கைக்குட்டையை எடுத்து நான்கு கால்களையும் துடைத்துவிட்டுக் கொடுத்தாராம். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் அந்த ஆண்டு நாங்கள் எழுதிய எல்லாக் கடிதங்களிலும் அந்தக் கைக்குட்டை இருந்தது.

என் தேர்வு: முழுநாள் அமர்வு தேவை வரும்போது மட்டும்; கேள்வித்தாள் ஓராண்டு விட்டு ஓராண்டு; இருபது நிமிடம் எல்லா ஆண்டும். ஒன்றுக்கு மட்டும் எச்சரிக்கை: இருபது நிமிடம் முடிந்த கையோடு பற்றாக்குறைத் திரையைப் போடாதீர்கள். வலை விரித்துத்தான் கதை கேட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

குழுவின் சொந்தப் பணம்: எல்லோருக்கும் ஒரே தொகையா, அவரவர் வசதியா?

அமெரிக்கக் குழுக்களில் 'கொடு, கொண்டுவா, இல்லாவிட்டால் கிளம்பு' என்று ஒரு சொல்வழக்கே உண்டு: உறுப்பினர் பணத்தைத் தானே கொடுக்க வேண்டும், அல்லது பிறரிடம் திரட்டிவர வேண்டும். தொகையை நிர்ணயித்துவிட்டால் குழப்பம் இல்லை, வரவு செலவுத் திட்டத்திலும் எழுதிவிடலாம். ஆனால் அந்தத் தொகை நிறுவனத்தின் சேவையைப் பெற்று வளர்ந்து குழுவுக்கு வந்தவரை, களப்பணி தெரிந்தவரை மெல்ல வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது பணம் உள்ளவர்களின் மேசை.

அவரவர் வசதிப்படி என்றால் எல்லோரும் இருக்கலாம். இலக்கும் தொகையாக இருக்காது. ஒருவர் விடாமல் அனைவரும் கொடுத்தார்களா என்பதே இலக்கு. நிதி உதவும் அறக்கட்டளைகளில் சில இதைக் கேட்பதும் உண்டு. சிக்கல் எங்கே என்றால், வசதி உள்ளவரும் ஒப்புக்குச் சிறு தொகையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். இதற்கு மருந்து ஒன்றுதான்: குழுத் தலைவர் முதலில் தான் கொடுத்துவிட்டு, ஒவ்வோர் உறுப்பினரிடமும் தனியாகப் பேச வேண்டும். அந்த வேலையைச் சம்பளம் வாங்கும் இயக்குநர் தலையில் கட்டக் கூடாது. தன்னை வேலைக்கு வைத்தவர்களிடமே போய் அவர் எப்படிப் பணம் கேட்பார்?

எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், தலைவர் அந்தப் பேச்சுக்குத் தயார் என்றால். தயாரில்லை என்றால் நிர்ணயத் தொகையே மேல்.

அந்தப் பணத்தை வெளியே எப்படிச் சொல்வது?

இங்கே ஆய்வுகள் கைகொடுக்கின்றன. 'நீங்கள் ஒன்று கொடுத்தால் நாங்கள் ஒன்று சேர்ப்போம்' என்ற இணைத்தொகை முறையை பொருளாதார ஆய்வாளர்கள் டீன் கார்லனும் ஜான் லிஸ்டும் முன்பு நன்கொடை தந்த 50,000 பேருக்கும் மேலானவர்களுக்குக் கடிதம் அனுப்பிச் சோதித்தார்கள். 2007இல் வெளியான முடிவுப்படி, இணைத்தொகை உண்டு என்று சொன்ன கடிதங்களில் கொடுப்பவர் விகிதம் 22 சதவீதமும், ஒரு கடிதத்துக்குக் கிடைத்த தொகை 19 சதவீதமும் கூடின. ஒன்றுக்கு ஒன்று என்பதை ஒன்றுக்கு மூன்று என்று உயர்த்தியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் குழு கையைக் கடித்துக்கொண்டு மூன்று மடங்கு அறிவிக்கத் தேவையில்லை.

மற்றொரு வழி, நிபந்தனை எதுவும் இல்லாமல் முதல் கொடையை அறிவிப்பது. ஜெர்மனியின் பவேரிய அரசு ஓபராவுக்காக பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டெஃபன் ஹக்கும் இம்ரான் ரசூலும் நடத்திய சோதனையில், ஒருவர் 60,000 யூரோ கொடுத்திருக்கிறார் என்று மட்டும் சொன்ன கடிதம், அதே பணத்தை இணைத்தொகையாகச் சொன்ன கடிதங்களைவிட நன்றாக வேலை செய்தது. இணைத்தொகை வரும் என்றதும் சிலர் தங்கள் கையிலிருந்து கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இரண்டு ஆய்வும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. எதுவும் சொல்லாமல் கேட்பதைவிட இணைத்தொகை நல்லது; நேரடி அறிவிப்பு சில இடங்களில் அதையும்விட நல்லது. எனக்கு அறிவிப்பின் பக்கம் சாய இன்னொரு காரணமும் உண்டு. மற்றவர்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குழுவினர் எப்படியும் கொடுக்கத்தான் போகிறார்கள் என்றால், அதை இணைத்தொகை என்று சொல்வது பொய். 'குழுவில் இருக்கும் அனைவரும் கொடுத்துவிட்டோம், சேர்ந்த தொகை இது' என்ற வரியில் பொய்யும் இல்லை, தந்திரமும் இல்லை.

கேட்பதா, நன்றி சொல்வதா, கடிதத்தில் ஒரு வரி எழுதுவதா?

நேரில் போய்க் கேட்கக்கூடியவர்கள் எந்தக் குழுவிலும் இரண்டு மூன்று பேர்தான். அவர்களைப் பெரிய கொடையாளர்களிடம் அனுப்புங்கள். மற்றவர்களையும் அப்படிப் போகச் சொல்லி வற்புறுத்தினால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

மற்றவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது நன்றித் தொலைபேசி: ஏற்கெனவே கொடுத்தவரை அழைத்து, எதுவும் கேட்காமல் நன்றி மட்டும் சொல்வது. இது அடுத்த ஆண்டு நன்கொடையைக் கூட்டும் என்று பலரும் சத்தியம் செய்வார்கள். அன்யா சமெக், சக் லாங்ஃபீல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல லட்சம் கொடையாளர்களை வைத்துச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், அழைப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் அடுத்துக் கொடுப்பதில் வித்தியாசமே தெரியவில்லை. துறை வல்லுநர்களோ நல்ல பலன் இருக்கும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள்.

அப்படியானால் விட்டுவிடலாமா? நான் விடமாட்டேன். காரணம் மட்டும் வேறு. வாக்கர் கதை சொன்ன அதே உறுப்பினரிடம் ஐந்து பெயர்கள் கொடுத்திருந்தோம். ஒரு கொடையாளர் அவரிடம், "அந்த வாக்கர் இப்போ யாரிடம் இருக்கு?" என்று கேட்டுவிட்டார். இவருக்குத் தெரியவில்லை. உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். ஆறு ஆண்டில் அஜெண்டா இல்லாமல் அவர் அலுவலகத்தை அழைத்தது அதுதான் முதல் தடவை. நன்றித் தொலைபேசியின் பலன் கொடையாளரிடம் இருக்கிறதோ இல்லையோ, பேசுகிற உறுப்பினரிடம் இருக்கிறது. அதை நிதி வரவாகக் கணக்கில் எழுதாமல் குழுப் பயிற்சி என்று எழுதிக்கொண்டால் ஏமாற்றம் வராது.

கடிதத்தின் ஓரத்தில் கையால் ஒரு வரி எழுதுவது இந்த இரண்டுக்கும் நடுவில். கூச்சம் உள்ளவரும் செய்வார். ஆனால் உறுப்பினருக்கு அறிமுகமான பெயர்களாக இருந்தால்தான் அதற்கு அர்த்தம். முன்பின் தெரியாத இருநூறு பேருக்கு 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று எழுதவைத்தால் கைவலிதான் மிச்சம். பட்டியலை முன்னாலேயே சுற்றுக்கு விட்டு, "இதில் உங்களுக்கு யாரைத் தெரியும்?" என்று டிக் அடிக்கச் சொல்லுங்கள். பத்துப் பெயர் போதும்.

எப்போது?

வரிக்கழிவுக்காகக் கொடுப்பவர்களின் கெடு நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் டிசம்பர் 31, இந்தியாவில் மார்ச் 31, பிரிட்டனில் ஏப்ரல் 5, ஆஸ்திரேலியாவில் ஜூன் 30. உங்கள் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இருபது நிமிடப் பேச்சு மூன்று மாதத்துக்கு முன். தலைவரின் தனிப்பேச்சும் குழுவின் சொந்தப் பணமும் இரண்டு மாதத்துக்கு முன். கடிதமும் தொலைபேசியும் கடைசி ஆறு வாரத்தில். கெடுவுக்கு முந்தைய ஒரு வாரம் குழுவினரிடம் எதுவும் கேட்காதீர்கள். அது ரசீது போடுகிறவர்களின் வாரம். தொலைபேசியை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.