தானாக ஊதும் லைஃப் ஜாக்கெட்டை நம்பலாமா? பல வருடப் பாவனைக்குப் பிறகு

மெல்பேர்னில் சிறிய படகு வைத்திருப்பவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் விருப்பப் பொருள் அல்ல. விக்டோரியா மாநிலத்தில் 4.8 மீட்டர் வரையான எந்திரப் படகு ஓடும்போது, திறந்த பகுதியில் இருக்கிற எல்லோரும் அதை அணிந்திருக்க வேண்டும். 2005இலிருந்து இதுதான் சட்டம். நுரை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தூண்டில் எறிந்து பார்த்தவர்களுக்கு, நாங்கள் ஏன் ஊதும் வகைக்கு மாறினோம் என்று விளக்கத் தேவையில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு பட்டி, இடுப்பில் ஒரு கொளுக்கி, அவ்வளவுதான். கை தாராளமாக வீசும். அரை மணி போனால் போட்டிருப்பதே மறந்துவிடும். அதன் ஆகப் பெரிய பாதுகாப்புக் குணம் இதுதான் என்பேன், ஏனென்றால் யாரும் அதைக் கழற்றுவதில்லை.

போர்ட் பிலிப் குடாவிலும் வெஸ்டர்ன்போர்ட்டிலும் ஸ்னாப்பர் மீன் பருவம், குளிர்காலம் என்று பாராமல் போட்டு அடித்த ஜாக்கெட்டுகள் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாமே 150 நியூட்டன் வகை. அதாவது சுமார் 15 கிலோ மிதப்பு. உள்ளே 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிலிண்டர்.

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: அலைச்சாரல் பட்டால் வெடித்துவிடாதா? எங்களுக்கு ஒரு நாளும் அப்படி நடக்கவில்லை. வெஸ்டர்ன்போர்ட்டில் நீரோட்டத்துக்கு எதிர்க்காற்று அடித்தால் முழுப் படகும் நனையும். அப்போதும் சும்மாதான் கிடந்தது. கரையும் மாத்திரை உள்ள வகையில், அந்த மாத்திரை நனைந்து இளகினால்தான் ஸ்பிரிங் விடுபட்டு ஊசி சிலிண்டரைக் குத்தும். மேலுறையும், இந்தப் பொறி இருக்கும் தலைப்பகுதியின் அமைப்பும் சாரலைத் தாங்கும். தாங்காதது ஈரத்தில் அடைத்து வைப்பதை. என்னிடமிருந்த பழைய ஜாக்கெட் ஒன்று, ஈரத் துவாயோடு படகின் முன்பெட்டிக்குள் கிடந்து, ஒரு குளிர்கால இரவில் ஆளில்லாமலே ஊதிக்கொண்டது. கடலில் ஒழுங்காக இருந்தது, கராஜில் வெடித்தது. அதன்பிறகு ஜாக்கெட்டுகள் வீட்டுக்குள், அலுமாரிக் கம்பியில் தொங்குகின்றன.

இந்தத் தொல்லை இல்லாமல் வேண்டுமென்றால் ஹம்மர் (Hammar) என்ற நிறுவனத்தின் தலை உள்ளதை வாங்கலாம். அது ஈரத்துக்கு அல்ல, நீரழுத்தத்துக்கு வேலை செய்வது. சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தாழ்ந்தால்தான் திறக்கும். தலையை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் அந்த மாற்றுப் பொதி மாத்திரை வகையினதைவிட நன்றாக விலை கூட. ஒருமுறை ஊதிவிட்டால் பொக்கெட் அழும். மழையிலும் சாரலிலும் அடிக்கடி நனைகிறவர்களுக்கு அந்த விலை தகும். மாதம் ஒருதரம் அமைதியான காலையில் போகிறவர்களுக்கு மாத்திரையே போதும்.

விழுந்தால் திறக்குமா என்பது அடுத்த கேள்வி. மாத்திரைக்கு நாள் முடியும் தறுவாயில் அதை வீணாக எறியாமல், நண்பர் வீட்டு நீச்சல் குளத்தில் குதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடியும் முன்னே 'புஸ்' என்று விரிந்துவிடும். இதுவரை ஏமாற்றவில்லை. ஆனால் கவட்டுப் பட்டி போடாமல் குதித்த என் மச்சானுக்கு ஜாக்கெட் காதுவரை ஏறி, வாய் தண்ணீர் மட்டத்தில் நின்றது. ஊதுவது மட்டும் காணாது. ஆளோடு ஊதியது ஒட்டிக்கொண்டும் இருக்க வேண்டும். மழைச்சட்டைக்கு உள்ளே போடுகிறவர்களையும் காண்கிறேன். விரியும்போது நெஞ்சை நெருக்கும், கையால் இழுத்து ஊத வைக்கும் இழுகயிறும் எட்டாது. எப்போதும் வெளியேதான்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் மாத்திரையும் அல்ல, தலையும் அல்ல. சிலிண்டரின் மரை. படகின் அதிர்விலும், போட்டுக் கழற்றுவதிலும் அது மெல்ல மெல்லக் கழன்றுவரும். கழன்றிருந்தால் ஊசி எட்டாது. தானாகவும் ஊதாது, கயிற்றை இழுத்தாலும் ஊதாது. பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ.யும் ஜாக்கெட் சோதனைகளில் அடிக்கடி அகப்படும் குறையாக இதைத்தான் சொல்கிறது. படகு இறக்கும் மேடையில் நின்று, மேலுறைக்கு மேலாலேயே பிடித்து வலப்பக்கம் ஒரு திருகு. தூண்டிலுக்கு முடிச்சுப் போடும் நேரம்கூடப் பிடிக்காது.

வருடத்துக்கொருமுறை செய்வது கொஞ்சம் கூட. வாயால் ஊதி ஓர் இரவு விட்டு, காலையில் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. சிலிண்டரைக் கழற்றிச் சமையல் தராசில் வைத்து, அதன் மேல் அடித்திருக்கும் எடையோடு ஒப்பிடுவது. துருப் பிடித்திருந்தால் எடை சரியாக இருந்தாலும் மாற்றிவிடுவேன், ஏனென்றால் அந்தத் துரு உள்ளே காற்றுப் பையைத் தேய்த்துத் துளைக்கும். மாத்திரையின் நாளைப் பார்க்கும்போது கவனம்: சிலவற்றில் இருப்பது முடிவு நாள், சிலவற்றில் தயாரித்த நாள். கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்கக் கூடாது. மீன்பிடிகாரருக்கு இன்னுமொன்று: மூன்று முனைத் தூண்டில் மேலுறையில் கொழுவிவிட்டால் இழுத்துக் கழற்றிவிட்டுச் சும்மா விடாமல், அன்றே பையைத் திறந்து பாருங்கள். உப்பு போகவென்று குழாயடியில் பிடிக்கவும் வேண்டாம், அதுவே அதை ஊத வைத்துவிடும். ஈரத் துணி போதும்.

தானாக ஊதுவதை வேண்டாம் என்று நான் சொல்லும் ஒரே இடம், முன்பக்கம் சிறிய மூடிய அறையுள்ள அரைக் கபின் படகு. அது கவிழ்ந்து நீங்கள் உள்ளே இருந்தால், ஊதிய ஜாக்கெட் உங்களைத் தலைகீழான தரையோடு சேர்த்து அமுக்கும். மூழ்கி வெளியே வர முடியாது. மச்சானின் படகு அப்படியானதுதான். "நான் உள்ளுக்குப் போறதே தேத்தண்ணி ஊத்தத்தான், கழட்டிப்போட்டுப் போவன்" என்கிறான். தேத்தண்ணி ஊற்றும்போது படகு கவிழாது என்று யார் சொன்னது என்று கேட்டேன். கடைசியில் கையால் இழுக்கும் வகை ஒன்றை வாங்கியிருக்கிறான். மகளுக்கு மட்டும் இன்னும் நுரை ஜாக்கெட்தான். சிறு பிள்ளைகளுக்கு ஊதும் வகையை நான் நினைத்தே பார்க்கவில்லை.