சதர்ன் பேப்டிஸ்ட் சண்டை: உள்ளயே இருந்து போராடுறதா, கிளம்பிடறதா?

அமெரிக்காவோட பெரிய புராட்டஸ்டன்ட் சபைக் கூட்டமைப்பு சதர்ன் பேப்டிஸ்ட் கன்வென்ஷன், சபைப் பிரதிநிதிங்க வருஷா வருஷம் ஜூன்ல கூடி ஓட்டுப் போடுவாங்க. அதுல மனசு வெறுத்தவங்களுக்கு ரெண்டே வழிதான், உள்ளயே இருந்து ஓட்டுப் போட்டு மாத்தப் பாக்கணும், இல்லன்னா கிளம்பிடணும்.

உள்ள இருந்து முழுசா ஜெயிச்சது 1979ல ஹூஸ்டன் கூட்டத்துல ஆரம்பிச்ச கன்சர்வேட்டிவ் (பழமைவாத) கோஷ்டிதான். அதோட தலைவருங்க பேஜ் பாட்டர்சனும் பால் பிரெஸ்லரும் கணக்கைத் தெளிவா போட்டாங்க. தலைவர் ஒரு கமிட்டியை நியமிப்பார், அது இன்னொரு கமிட்டிக்கு ஆள் சொல்லும், அந்தக் கமிட்டிதான் செமினரி (போதகர் பயிற்சிக் கல்லூரி), மிஷன் போர்டு டிரஸ்டிகளைப் பரிந்துரைக்கும், அதனால தலைவர் நாற்காலியை வருஷா வருஷம் விடாம பிடிச்சா பத்து வருஷத்துல மொத்தமும் கைக்கு வந்துடும். வந்துடுச்சு. தோத்த மிதவாதிங்க 1991ல கோஆபரேட்டிவ் பேப்டிஸ்ட் ஃபெலோஷிப்னு தனியா போனாங்க, தினசரி சண்டை ஓஞ்சுது, ஆனா தலைமுறை தலைமுறையா காணிக்கை போட்டு வளர்த்த ஆறு செமினரியும் அங்கயே போச்சு.

2021ல பைபிள் போதகர் பெத் மூர் போனாங்க, கூட்டமைப்போட நெறிமுறைக் கமிஷன் தலைவர் ரஸ்ஸல் மூரும் போனார். போகாம இருந்தவங்க அந்த ஜூன்ல நாஷ்வில்ல தலைவர் தேர்தல்ல மிதமான வேட்பாளர் எட் லிட்டனை 6,834க்கு 6,278னு கடும் கன்சர்வேட்டிவ் மைக் ஸ்டோனுக்கு எதிரா ஜெயிக்க வச்சாங்க. அதைவிட பெரிய விஷயம், பாலியல் கொடுமை புகாரை மூடி மறைச்சாங்களான்னு நடக்கிற விசாரணையை, வருஷம் முழுக்க கூட்டமைப்பு நிர்வாகத்தைப் பாக்குற எக்ஸிக்யூட்டிவ் கமிட்டி தன் கைலயே வச்சுக்கப் பார்த்துச்சு, ஹால்ல இருந்த சபைப் பிரதிநிதிங்க ஓட்டுச் சீட்டைத் தூக்கிக் காட்டி அதைப் பிடுங்கி தனிக் குழுகிட்ட குடுத்தாங்க. அதுக்கப்புறமும் வக்கீல்கிட்ட பேசினதை விசாரணைக்காரங்களுக்குக் காட்டணுமா வேணாமான்னு கமிட்டி வாரக்கணக்கா இழுத்துச்சு, கடைசில அக்டோபர்ல சரின்னுச்சு, அதோட கமிட்டித் தலைவர் ரானி ஃப்ளாய்ட் ராஜினாமா.

2022 மே மாசம் அறிக்கை வந்தப்போதான் தெரிஞ்சுது, குற்றம் சாட்டப்பட்டவங்க பேரை எக்ஸிக்யூட்டிவ் கமிட்டி ஆபீஸ்லயே ஒரு ஊழியர் வருஷக்கணக்கா லிஸ்ட் போட்டு வச்சிருக்கார், நூத்துக்கணக்கான பேர். "ஒவ்வொரு சபையும் சுதந்திரமானது, அப்படி ஒரு லிஸ்ட் எங்களால வைக்க முடியாது"ங்கிற அர்த்தத்துல பாதிக்கப்பட்டவங்களைத் திருப்பி அனுப்பிட்டு இருந்ததும் இதே தலைமைதான். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சிருக்காங்க. இதைப் படிச்சப்போ எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

சரி, ஓட்டுல ஜெயிச்சதுக்கு என்ன கிடைச்சுது? அந்த ஜூன்லயே அனஹெய்ம்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி குற்றம் பண்ணவங்க பேரை டேட்டாபேஸ்ல வைக்கலாம்னு பெரிய மெஜாரிட்டில முடிவாச்சு. 2024 ஜூன்ல இண்டியானாபோலிஸ்ல திரும்ப கூடினப்போ அதுல ஒரு பேர்கூட ஏறல, காசு இல்ல, இன்ஷூரன்ஸ் பிரச்சனைன்னு சொன்னாங்க.

என் கணக்கு இதுதான். 1979 கோஷ்டி கமிட்டியைப் பிடிக்கத்தான் ஓட்டுக் கேட்டாங்க, 2021ல ஓட்டுப் போட்டவங்க ஹால்ல ஜெயிச்சிட்டு கமிட்டி ரூம்ல கோட்டை விட்டாங்க. பத்து வருஷம் விடாம போய் உக்கார ஆளும் தெம்பும் இருக்கிற பாஸ்டர்னா உள்ளயே இருங்கன்னு சொல்வேன், அந்த வழி நடக்கும்னு கண் முன்னாடி உதாரணம் இருக்கு. ஆனா அந்த லிஸ்ட்ல இருக்கிற ஒருத்தனால சீரழிஞ்ச பொண்ணுகிட்ட இன்னொரு ஜூன் மாசம் வரைக்கும் பொறுத்திருன்னு சொல்ல எனக்கு வாய் வரல.