ஒன்றே முக்காலை அரையால் வகுத்தல்: லிப்பிங் மாவின் நூல் குறித்து

கணிதக் கல்வி பற்றிய ஆய்வுநூல்களுள் பெரும்பாலானவை ஆய்வாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக எழுதியவை என்பதால், வகுப்பில் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியர் அவற்றைச் சில பக்கங்களுக்கு மேல் படிப்பது அரிது. லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட ‘நோயிங் அண்ட் டீச்சிங் எலிமென்டரி மேத்தமேட்டிக்ஸ்’ (தொடக்கநிலைக் கணிதத்தை அறிதலும் கற்பித்தலும்) அதற்கு விதிவிலக்கு. பென்சிலும் தாளும் இல்லாமல் இதைப் படிக்க இயலாது என்பதே நான் இதற்குத் தரும் முதல் பாராட்டு.

நூலின் தன்மைக்கான காரணம் நூலாசிரியரின் கல்விப் பயணத்திலேயே இருக்கிறது. ஷாங்காயில் படித்துக்கொண்டிருந்த மா, சீனாவின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, தம் பள்ளிப் படிப்பே முடியாத வயதில் அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். பல்கலைக்கழகப் படிப்பு அதற்குப் பின்புதான் வந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது, அமெரிக்க ஆசிரியர்களிடம் எடுத்த நேர்காணல்களின் எழுத்துப்படிகளை வகைப்படுத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. அவற்றைப் படிக்கப் படிக்க, தாம் அறிந்த சீன ஆசிரியர்கள் இவ்வாறு விடையளித்திருக்க மாட்டார்களே என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயமே ஸ்டான்ஃபோர்டில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வாகி, பின்னர் இந்நூலானது. கிராமப் பள்ளியில் கற்பித்த அனுபவம் இல்லாத ஒருவருக்கு அந்த எழுத்துப்படிகள் வெறும் தரவாகவே தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர், சீன ஆசிரியர்கள் 72 பேர்; இவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் நான்கே. அவற்றுள் பின்ன வகுத்தல் பற்றிய மூன்றாம் அத்தியாயமே நூலின் உயிர். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். பிறகு அந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஒரு கதையும் சொல்ல வேண்டும். கணக்கிட முயன்ற 21 அமெரிக்க ஆசிரியர்களுள் முழுமையாகச் சரியான விடையை எட்டியவர்கள் 9 பேர் மட்டுமே. சீன ஆசிரியர்கள் அனைவரும் மூன்றரை என்ற விடையைச் சொன்னார்கள். கதையில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. அமெரிக்கத் தரப்பில் கருத்தளவில் சரியான கதை ஒன்றே ஒன்று. சீனத் தரப்பில் 65 பேர் சரியாகச் சொன்னார்கள். தவறியவர்கள் பலர் அரையால் வகுப்பதை இரண்டாகப் பிரிப்பதோடு குழப்பிக்கொண்டார்கள். ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றினால் எத்தனை புட்டி என்று கேட்பது ஒரு பொருள். ஒரு தொகையின் பாதி ஒன்றே முக்கால் என்றால் முழுத்தொகை எவ்வளவு என்று கேட்பது வேறொரு பொருள். இரண்டுக்கும் விடை மூன்றரைதான். இந்த இரண்டாம் பொருளை நான் இந்நூலைப் படிக்கும்வரை தெளிவாக யோசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கழித்தல் அத்தியாயத்தில் நமக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 52இலிருந்து 25ஐக் கழிக்கும்போது பத்தாம் இடத்திடம் ‘கடன் வாங்குகிறோம்’ என்று நம் வகுப்பறைகளிலும் சொல்லிக்கொடுக்கிறோம். திருப்பிக் கொடுக்காத கடன் அது. ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாகப் பிரிக்கிறோம் என்று சொல்லும் சீன ஆசிரியர்களின் வழி, என்ன நடக்கிறது என்பதோடு ஏன் நடக்கிறது என்பதையும் சேர்த்தே விளக்கிவிடுகிறது. பல இலக்கப் பெருக்கல், பரப்பளவும் சுற்றளவும் ஆகிய மற்ற இரு அத்தியாயங்களும் பயனுள்ளவையே, எனினும் இந்த அளவுக்கு அதிர்ச்சி தருபவை அல்ல.

குறைகளும் உண்டு. ஒப்பிடப்பட்ட குழுக்கள் எண்ணிக்கையில் சமமானவை அல்ல; அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் நடத்துகிறவர், சீன ஆசிரியரோ பெரும்பாலும் கணக்கை மட்டுமே நடத்துகிறவர். தரவு முழுவதும் நேர்காணல் சார்ந்தது என்பதால், இந்த அறிவு பிள்ளைகளிடம் எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை நூல் நேரடியாகக் காட்டவில்லை. ஆயினும் இதை இரு நாடுகளுக்கிடையிலான போட்டியாகப் படிப்பவர்கள் ஆறாம் அத்தியாயத்தைத் தவறவிட்டவர்கள். அடிப்படைக் கணிதத்தின் ஆழ்ந்த புரிதல் என்று மா குறிப்பிடும் நிலையை எட்டியவர்கள் சீன ஆசிரியர்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. பதினாறு முதல் பதினெட்டு ஆண்டுகள் படித்த அமெரிக்க ஆசிரியர்களைவிடக் குறைவாக, பதினொன்று அல்லது பன்னிரண்டு ஆண்டுகளே முறையாகப் படித்த அவர்கள், பாடநூலைத் துருவி ஆராய்ந்தும் சக ஆசிரியர்களோடு விவாதித்தும் மாணவர்களிடமிருந்தே கற்றும் பணிக்காலத்தில் அந்நிலையை அடைந்தார்கள்.

கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மனின் முன்னுரையுடன் வந்த இந்நூலின் இரண்டாம் பதிப்பை 2010இல் ரூட்லெட்ஜ் வெளியிட்டது. ஆசிரியப் பயிற்சி வகுப்பில் இதைப் பயன்படுத்த எண்ணுவோர், மூன்றாம் அத்தியாயத்தின் கேள்வியை முதலில் மாணவ ஆசிரியர்களிடம் கொடுத்துக் கதை எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகே நூலைத் திறப்பது நல்லது.